தரவுத்தளச் சேர்வரில் பதிப்பு பொருந்தவில்லையா? முதலில் எந்த இரண்டு என்று கண்டுபிடியுங்கள்

"உங்கள் சேர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது?" என்று கேட்டால் பெரும்பாலானோர் ஒரே ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. தரவுத்தளம் என்று நாம் ஒரு சொல்லில் சொல்லிவிடுவது குறைந்தது ஐந்து துண்டுகள் சேர்ந்த ஒன்று. ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பதிப்பு எண் உண்டு. அவற்றில் ஏதோ இரண்டு ஒத்துப்போகாதபோதுதான் காலையில் கணக்குத் திட்டம் (அலுவலகக் கணக்கு எழுதும் மென்பொருள்) திறக்க மறுக்கிறது.

திருகோணமலை நகரில் தலைமை அலுவலகம், கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒவ்வொரு கிளை என்று ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தலைமை அலுவலகத்தில் ஒரு சேர்வர், அதாவது மற்றக் கணினிகளுக்குத் தரவு வழங்கும் பொதுக் கணினி. அதில் சம்பளப் பட்டியல், பற்றுச்சீட்டு, வாடிக்கையாளர் பெயர்கள். சேர்வரில் ஓடும் தரவுத்தள நிரல் (புரோகிராம்) முதலாவது துண்டு. அது வன்தட்டில் எழுதி வைத்திருக்கும் தரவுக் கோப்புகள் இரண்டாவது. எழுதுவினைஞர்களின் கணினிகளில் இருக்கும் டிரைவர் மூன்றாவது. கிண்ணியாப் பாலம் இரு கரையையும் இணைப்பதுபோல, கணக்குத் திட்டத்தையும் சேர்வரையும் இணைப்பது இந்த டிரைவர்தான். நான்காவது, இரவில் பிரதி எடுக்கும் கருவியும் நிர்வாகத் திரையும். ஐந்தாவது, இவை எல்லாவற்றுக்கும் அடியில் இயங்குதளம் (விண்டோஸ் போன்றது) தரும் நூலகங்கள், அதாவது பல நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்புகள். பலர் எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவது இந்த ஐந்தாவதைத்தான்.

இவற்றில் நான்கை எப்போது வேண்டுமானாலும் இணையத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். தரவுக் கோப்புகளை மட்டும் எங்கிருந்தும் இறக்க முடியாது. ஆகவே பிழைச் செய்தி எதுவாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். தரவுத்தளச் சேவையை முறைப்படி நிறுத்துங்கள், தரவுக் கோப்புறை முழுவதையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுங்கள், அதன் பிறகே எதையும் தொடுங்கள். "அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்ப்போம்" என்ற யோசனையை இந்தப் பிரதி கைக்கு வரும் வரை யாரும் செயற்படுத்த விடக்கூடாது.

முழுக் கோப்புறை என்பதை அழுத்திச் சொல்கிறோம். மைஎஸ்கியூஎல், மரியாடிபி என்ற தரவுத்தள நிரல்கள் இரண்டிலும் நமது தரவுத்தளத்தின் பெயரில் ஒரு உட்கோப்புறை இருக்கும். அதை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தால் போதும் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. அதற்கு வெளியே ஐபிடேட்டா1 என்ற கோப்பும் அதன் பதிவுக் கோப்புகளும் இருக்கின்றன. அவை இல்லாமல் உட்கோப்புறையை மட்டும் புதிய இடத்தில் வைத்தால், மரியாடிபியில் அட்டவணைகளின் பெயர்கள் பட்டியலில் தெரியும். திறந்தால் "அட்டவணை எஞ்சினில் இல்லை" என்று 1932ஆம் இலக்கப் பிழை வரும். ஸாம்ப் (தரவுத்தளத்தையும் வேறு சில நிரல்களையும் ஒன்றாக நிறுவித் தரும் தொகுப்பு) பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் மைஎஸ்கியூஎல் கோப்புறைக்குள் இருக்கும் "பேக்கப்" உங்கள் தரவின் பிரதி அன்று; நிறுவிய நாளின் வெற்றுத் தரவு மட்டுமே அதில் இருக்கிறது.

எண்ணை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள நிரலில் 10 முதல் (2017) புள்ளிக்கு முன்னால் வருவதுதான் பெரும்பதிப்பு, பின்னால் வருவது சிறு திருத்தம். 14.5இலிருந்து 14.11க்குப் போவது வெறும் திருத்தம். நிரலை மாற்றி மறுதொடக்கம் செய்தால் போதும், தரவுக் கோப்பின் அமைப்பு மாறாது. 14இலிருந்து 16க்குப் போவது வேறு கதை. மைஎஸ்கியூஎல் 8.0இல் மூன்றாவது எண்ணைக்கூட அலட்சியப்படுத்த முடியாது. 8.0.34 ஒருமுறை திறந்த தரவை 8.0.33 திறக்காது. பிழைச் செய்தியில் அது புள்ளியின்றி 80034, 80033 என்று வரும். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சேர்வரில் பெட்டியின் மேல் இருப்பது ஆண்டு, உள்ளே இருப்பது எண்: 2016 என்றால் 13, 2017 என்றால் 14, 2019 என்றால் 15, 2022 என்றால் 16. மரியாடிபியோ தன் எண்ணின் முன்னால் 5.5.5 என்று சேர்த்துச் சொல்வதுண்டு. 5.5.5-10.4 என்று கண்டால் அது மரியாடிபி 10.4, பழைய மைஎஸ்கியூஎல் 5.5 என்று எண்ணிவிடாதீர்கள். ஸாம்ப் 2015இலேயே மைஎஸ்கியூஎல்லை விட்டு மரியாடிபிக்கு மாறிவிட்டது. திரையிலே "மைஎஸ்கியூஎல்" என்று பொத்தான் இருப்பதால் பலருக்கு இது தெரிவதில்லை.

எண்களைத் திரட்டும்போது வன்தட்டில் நிறுவியிருப்பதைப் பார்க்காமல், ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரிடமே கேளுங்கள். மைஎஸ்கியூஎல்லில் உள்நுழைந்து "செலக்ட்" என எழுதி, @@ குறிகளோடு வேர்ஷன், டேட்டாடிர், போர்ட் மூன்றையும் கேட்டால் பதிப்பு, தரவுக் கோப்புறையின் இடம், போர்ட் இலக்கம் (இணைப்புகளைச் சேர்வர் ஏற்கும் வாசலின் எண்) மூன்றும் ஒரே வரியில் வரும். போஸ்ட்கிரெஸில் "ஷோ" கட்டளையால் சேர்வர்_வேர்ஷன், டேட்டா_டைரக்டரி இரண்டையும் கேட்கலாம். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சேர்வர் என்றால் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்ற கட்டளை எல்லாப் பதிப்புகளையும் அவற்றின் போர்ட்களையும் ஒரே பட்டியலில் காட்டும். இரண்டாவதாக நிறுவிய பதிப்பு வழக்கமான 5432ஐ விட்டு 5433இல் உட்கார்ந்திருப்பது அங்கே தெரியும். புதிய பதிப்பை நிறுவிய பின்னும் திட்டம் பழையதோடேயே பேசிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

விண்டோஸில் இதே குழப்பம் வேறு உருவில் வரும். ஸாம்ப் ஒன்று, தனியாக நிறுவிய மைஎஸ்கியூஎல் ஒன்று, இரண்டும் 3306ஐக் கேட்கின்றன. கணினி தொடங்கும்போது முந்திக்கொண்டது இடத்தைப் பிடிக்கும். கரண்ட் போய் வந்த நாளில் வரிசை மாறினால் வேறொரு சேர்வரோடு இணைந்து, தரவு "காணாமல்" போனதுபோல் தோன்றும். கட்டளைத் திரையில் நெட்ஸ்டாட் கட்டளையை -ஏஎன்ஓ என்ற தெரிவுடன் ஓட்டி, 3306க்கு நேரே இருக்கும் செயல்முறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டாஸ்க் மனேஜரின் விவரப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடி, கோப்பின் இடத்தைத் திறந்தால் உண்மையில் ஓடுவது எது என்று தெரிந்துவிடும்.

இனிப் பொருந்தாமைகளுக்கு வருவோம். மிகக் கடுமையானது சேர்வர் நிரலுக்கும் தரவுக் கோப்புக்கும் இடையில் வருவது. போஸ்ட்கிரெஸ் தன் தரவுக் கோப்புறைக்குள் பிஜி_வேர்ஷன் என்று ஒரு சிறு உரைக்கோப்பை வைத்திருக்கிறது. அதில் 14 என்று இருக்க, நிரல் 16 ஆக இருந்தால், தரவுக் கோப்புகள் இந்தச் சேர்வருக்குப் பொருந்தாது என்று சொல்லித் தொடங்கவே மறுக்கும். இந்த மறுப்பு நமக்கு நல்லது. எதுவும் கெடவில்லை என்று அர்த்தம். அந்தச் சிறு கோப்பில் 14ஐ அழித்து 16 என்று எழுதி ஏமாற்றப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். வழி இரண்டு. பழைய 14ஐ மறுபடி நிறுவி, தரவை உரையாக வெளியே எடுத்து 16க்குள் ஏற்றலாம். அல்லது இரு நிரல்களையும் அருகருகே வைத்துக்கொண்டு பிஜி_அப்கிரேட் கருவியை ஓட்டலாம். அந்தக் கருவி சாதாரணமாகக் கோப்புகளைப் பிரதி எடுத்தே வேலை செய்யும். தரவு 6 ஜிபி என்றால் இன்னொரு 6 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். இணைப்பு முறை என்ற தெரிவு இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் புதிய சேர்வரை ஒருமுறை தொடங்கிய பின் பழையதற்குத் திரும்ப முடியாது. சிறு அலுவலகத்தின் தரவுக்கு அந்த மிச்சம் வேண்டியதில்லை.

மைஎஸ்கியூஎல் வேறு விதம். அது 5.7இன் தரவை 8.0 கண்டால் மறுக்காமல் தானே மாற்றிக்கொண்டு தொடங்கிவிடும். 8.0.16 முதல் இந்த மாற்றத்தைச் சேர்வரே செய்கிறது. மாறியதை 5.7க்குத் திருப்ப வழியில்லை. முன்பு எடுத்த பிரதி மட்டுமே வழி. 5.6இலிருந்து நேரே 8.0க்குத் தாவவும் முடியாது, இடையில் 5.7இல் இறங்கித்தான் போக வேண்டும். மரியாடிபியில் சேர்வர் தொடங்கிவிடும், ஆனால் "மைஎஸ்கியூஎல்.ப்ரோக் அட்டவணையில் நெடுவரிசைகளின் எண்ணிக்கை தவறு, 21 எதிர்பார்த்தது, 20 இருக்கிறது" என்பதுபோல் புகார் வரும். பழைய ஸாம்ப்பின் தரவைப் புதிய ஸாம்ப்பில் வைத்தவர்கள் பார்க்கும் செய்தி இது. நமது தரவுக்கு எதுவும் ஆகவில்லை, சேர்வரின் சொந்த அட்டவணைகள்தான் பழையவை. மைஎஸ்கியூஎல்_அப்கிரேட் கருவியை (புதிய பதிப்புகளில் அதன் பெயர் மரியாடிபி-அப்கிரேட்) ஒருமுறை ஓட்டி, சேவையை மறுதொடக்கம் செய்தால் சரி. மரியாடிபியின் தரவுக் கோப்புறையை மைஎஸ்கியூஎல் 8.0இடம் கொடுப்பதோ மறுதலையோ வேண்டாம். இரண்டும் 2009இல் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்றாலும் இன்று கோப்பு அமைப்பு வேறு வேறு.

மாரி காலத்தில் திருகோணமலையில் இந்த வேலையைச் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கரண்ட் திடீரென்று போய்ச் சேர்வர் முறைப்படி நிற்காமல் விழுந்திருந்தால், எழுதி முடிக்காத மாற்றங்கள் மீள்பதிவுக் கோப்பில் காத்திருக்கும். பழைய பதிப்பு அவற்றை வாசித்துச் சரிசெய்துகொள்ளும். அந்த நிலையில் யாராவது புதிய பதிப்பை நிறுவினால், "விபத்துக்குப் பின் தரமுயர்த்தல் ஆதரிக்கப்படவில்லை, இந்த மீள்பதிவு இன்ன பதிப்பால் உருவானது" என்று பிழைப் பதிவில் எழுதிவிட்டு நின்றுவிடும். மைஎஸ்கியூஎல்லிலும் மரியாடிபியிலும் இது உண்டு. அந்த மீள்பதிவுக் கோப்புகளை அழித்தால் சேர்வர் தொடங்கலாம். கடைசியாகப் பதிந்த பற்றுச்சீட்டுகள் போய்விடும், மீதித் தரவும் சிதையலாம். சரியான வழி, செய்தியில் சொன்ன அதே பழைய பதிப்பைத் திரும்ப வைத்து, தொடங்கவிட்டு, அது மீண்டதும் முறைப்படி நிறுத்தி, பிறகு புதியதை நிறுவுவது. யூபிஎஸ் இல்லாமல் தரமுயர்த்தலைத் தொடங்க வேண்டாம். மின்தடை அறிவிக்கப்பட்டிருக்கும் நாளில் அறவே வேண்டாம்.

எஸ்கியூஎல் சேர்வரில் இதே கதை பிரதியை மீட்கும்போது வரும். தலைமை அலுவலகத்தில் 2019, மூதூர்க் கிளையில் 2017 என்று வைத்துக்கொள்வோம். 2019இல் எடுத்த பிரதியை 2017 ஏற்காது, 3169ஆம் பிழை. கோப்பை நேரடியாக இணைத்தால் 948ஆம் பிழை: தரவுத்தளம் 904, இந்தச் சேர்வர் 869 வரைதான் என்று வரும். 904 என்பது 2019இன் உள் எண், 869 என்பது 2017இனுடையது. "இணக்க நிலை"யைக் குறைத்துவிட்டுப் பிரதி எடுத்தால் சரியாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது வினவல்கள் (தரவைக் கேட்கும் கட்டளைகள்) நடந்துகொள்ளும் விதத்தை மட்டும் மாற்றும், கோப்பின் எண்ணை மாற்றாது. கிளையின் சேர்வரை உயர்த்துங்கள், அல்லது அட்டவணைகளையும் தரவையும் ஸ்கிரிப்டாக எழுதவைத்துக் கொண்டுபோங்கள்.

அடுத்தது டிரைவர். சேர்வர் நன்றாக ஓடுகிறது, நிர்வாகத் திரையில் எல்லாம் தெரிகிறது, எழுதுவினைஞரின் கணினியில் மட்டும் உள்நுழைய முடியவில்லை என்றால் பாலத்தைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 8.0 (2018) வந்தபோது கடவுச்சொல் சரிபார்க்கும் இயல்பான முறை கேச்சிங்_ஷா2 ஆக மாறியது. பழைய டிரைவருக்கு அது தெரியாது. 2059 அல்லது 1251 என்ற பிழை வரும். கடவுச்சொல் தவறு என்று நினைத்துப் பத்து முறை மாற்றிப் பயனில்லை. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய திட்டம் என்றால் 7.4 முதல் புதிய முறைக்கு முழு ஆதரவு இருக்கிறது. டிரைவரை மாற்றும் வரை அந்த ஒரு பயனர் கணக்கை மட்டும் பழைய நேட்டிவ் முறைக்கு மாற்றி வைக்கலாம். அதிலேயே தங்கிவிடாதீர்கள்: 8.4இல் (2024) அந்தப் பழைய முறை இயல்பாக அணைக்கப்பட்டுவிட்டது, 9.0இல் அகற்றப்பட்டேவிட்டது. போஸ்ட்கிரெஸில் இதற்கு இணையானது ஸ்கிராம் முறை. 14 முதல் அதுவே இயல்பு. டிரைவரின் அடியிலுள்ள நூலகம் 10க்கு முந்தியதாக இருந்தால் இணையாது.

விண்டோஸ் அலுவலகங்களில் இதைவிட அதிகம் அலைக்கழிப்பது 32 பிட், 64 பிட் பொருந்தாமை. பதிப்பு எண்கள் எல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் "டிரைவருக்கும் பயன்பாட்டுக்கும் கட்டமைப்புப் பொருந்தவில்லை" என்று ஐஎம்014 பிழை வரும். விண்டோஸ் 64 பிட் என்பதோ சேர்வர் 64 பிட் என்பதோ இங்கே கணக்கில்லை. டிரைவரைக் கூப்பிடும் நிரல் எத்தனை பிட் என்பதே கணக்கு. பழைய கணினியில் 32 பிட் எக்செல் இருந்து, புதிய கணினியில் 64 பிட் எக்செல் வந்தால் முன்பு வேலை செய்த அதே டிரைவர் செல்லாது. எக்செல்லில் கணக்குப் பக்கம் சென்று "எக்செல் பற்றி" என்பதை அழுத்தினால் முதல் வரியிலேயே பிட் தெரியும். மற்ற நிரல்களுக்கு டாஸ்க் மனேஜரின் விவரப் பக்கத்தில் "பிளாட்போம்" என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். பிறகு ஓடிபிசி (தரவுத்தள டிரைவர்களுக்கான விண்டோஸ் வசதி) அமைப்புத் திரைக்குப் போக வேண்டும், அது இரண்டு இருக்கிறது. சிஸ்டம்32 என்ற கோப்புறைக்குள் இருப்பது 64 பிட்டுக்கானது, சிஸ்வாவ்64 என்ற கோப்புறைக்குள் இருப்பது 32 பிட்டுக்கானது. பெயர் தலைகீழாகத் தோன்றினாலும் இதுதான் சரி. ஒரே கணினியில் இரு வகை நிரலும் இருந்தால் இரு டிரைவர்களையும் நிறுவி, இரு திரையிலும் ஒரே பெயரில் சிஸ்டம் டிஎஸ்என் (சேர்வர் இணைப்பு விவரங்களைப் பெயரிட்டுச் சேமித்தது) உருவாக்கலாம். ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

பிரதி எடுக்கும் கருவியின் பொருந்தாமை வெளியே தெரியாமல் கெடுப்பது. போஸ்ட்கிரெஸில் தரவை உரையாக வெளியே எடுக்கும் டம்ப் கருவியான பிஜி_டம்ப், தன்னைவிடப் புதிய பெரும்பதிப்புச் சேர்வரிலிருந்து எடுக்க மறுக்கும். சேர்வரை 16க்கு உயர்த்திவிட்டு, இரவு 11 மணிக்கு ஓடும் ஸ்கிரிப்டில் 14இன் கருவியின் பாதையை அப்படியே விட்டுவிட்டால், ஒவ்வொரு இரவும் வெற்றுக் கோப்பு உருவாகும். கோப்பின் பெயரில் தேதி இருப்பதால் பார்ப்பவருக்குப் பிரதி இருப்பதாகவே தோன்றும். தரமுயர்த்திய மறுநாள் காலை அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். முந்தைய நாளினதற்கு அண்மையில் இருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் திசை மறுபக்கம்: 8.0இன் டம்ப் கருவியால் 5.7 சேர்வரை எடுக்கப்போனால் காலம்_ஸ்டாடிஸ்டிக்ஸ் அட்டவணை இல்லை என்று 1109ஆம் பிழை வரும். கருவியில் அதே பெயரில் உள்ள தெரிவுக்கு 0 கொடுத்தால் எடுக்கும். 8.0இல் எடுத்ததை 5.7இல் ஏற்றும்போது 0900 என்ற இலக்கம் உள்ள எழுத்து வரிசைமுறை தெரியாது என்று 1273 வரும். உரைக்கோப்பில் அந்தப் பெயரை இரு பக்கமும் அறிந்த யுடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ என்று மாற்றிவிட்டு ஏற்றலாம்.

தமிழ்ப் பெயர்களைப் பதிந்துவைத்திருக்கும் அலுவலகம் இதற்குமேல் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 5.7 வரை இயல்பான எழுத்துக்குறி (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) லத்தீன்1. பல பழைய திட்டங்கள் யுனிகோட் தமிழை லத்தீன்1 இணைப்பு வழியாக உள்ளே அனுப்பி, அதே வழியாக வெளியே எடுத்தன. போகும்போது நடந்த தவறு வரும்போது தானாகத் திருத்தப்பட்டதால் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. 8.0இல் இயல்பு யுனிகோடின் யுடிஎஃப்8எம்பி4 ஆனது. புதிய டிரைவர் சரியான வழியில் எடுக்கும்போது "கந்தசாமி" இருந்த இடத்தில் புரியாத ஐரோப்பிய எழுத்துகள் நிரம்பி வழியும். இந்த நிலையில் தரவு அழியவில்லை, திரும்பப் பெறலாம். ஆனால் அந்தத் திரையிலிருந்தே யாராவது பதிவைத் திருத்திச் சேமிக்கத் தொடங்கினால் பழையதும் புதியதும் ஒரே அட்டவணையில் கலந்து, பிரிப்பது மிகச் சிரமமாகிவிடும். எனவே எழுத்துகள் குழம்பிக் கண்டவுடன் எல்லோரையும் பதிவதை நிறுத்தச் சொல்லுங்கள். பிரதி எடுத்தபின், டம்ப் கருவியிடம் எழுத்துக்குறி லத்தீன்1 என்று சொல்லி, எழுத்துக்குறி வரியை எழுதாமல் விடும் தெரிவையும் கொடுத்து உரையாக எடுங்கள். அதை ஒரு உரைப் பதிப்பியில் திறந்தால் தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும். தெரிந்தால், அட்டவணை வரையறைகளில் லத்தீன்1 என்றிருப்பதை யுடிஎஃப்8எம்பி4 ஆக்கி, புதிய வெற்றுத் தரவுத்தளத்தில் யுடிஎஃப்8எம்பி4 இணைப்பில் ஏற்றுங்கள். திரையில் வெறும் கேள்விக்குறிகளே வந்தால், கோப்பில் உள்ளதே கேள்விக்குறியா, வெளியே எடுக்கும்போது மாறியதா என்று ஹெக்ஸ் சார்பினால் (சேமித்திருப்பதை உள் எண்களாகவே காட்டும் கட்டளை) பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் 3எஃப் என்று மட்டும் வந்தால் அந்தப் பெயர் பதியும்போதே போய்விட்டது. பழைய பிரதியைத்தான் தேட வேண்டும்.

கடைசியாக, அடித்தளம். தரவுத்தளத்தைத் தொடாமல் உபுண்டுவை மட்டும் 18.04இலிருந்து 20.04க்கு உயர்த்தினாலும் பொருந்தாமை வரும். எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளைப் போஸ்ட்கிரெஸ் வழக்கமாக இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திடமிருந்து பெறுகிறது. 2018இல் வந்த 2.28இல் அந்த விதிகள் பெரிதாக மாறின. பெயர்களின் சுட்டி (விரைவாகத் தேடத் தரவுத்தளம் வைத்திருக்கும் வரிசைப் பட்டியல்) பழைய வரிசையில் அடுக்கியிருக்க, தேடல் புதிய வரிசைப்படி நடக்கும். இருக்கும் வாடிக்கையாளரை "இல்லை" என்று சொல்லும், அதை நம்பி இரண்டாம் முறை பதிவார்கள். 15 முதல் போஸ்ட்கிரெஸ் இணையும்போதே "வரிசைமுறைப் பதிப்பு பொருந்தவில்லை" என்று எச்சரிக்கிறது. முதலில் உரை நெடுவரிசைகள் உள்ள சுட்டிகளை ரீஇன்டெக்ஸ் கட்டளையால் மறுபடி கட்டுங்கள், அதன் பின்னரே எச்சரிக்கையை நீக்கும் ரிஃப்ரெஷ் கட்டளையைக் கொடுங்கள். ரிஃப்ரெஷ் மட்டும் கொடுத்தால் எச்சரிக்கை போகும், கெட்ட சுட்டி அப்படியே இருக்கும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: சேர்வர் நிரலின் முழு எண், தரவுக் கோப்புறையின் பாதை, போர்ட், ஒவ்வொரு கணினியிலும் உள்ள டிரைவரின் எண்ணும் பிட்டும், டம்ப் கருவியின் எண்ணும் பாதையும், இயங்குதளத்தின் எண், தேதி. இந்தப் பதிப்புகளின் நிறுவல் கோப்புகளையும் பிரதி இருக்கும் வன்தட்டிலேயே சேமியுங்கள். பழைய பதிப்பு அவசரமாகத் தேவைப்படும் நாளில் இணைய இணைப்பு இருக்குமென்று உறுதியில்லை. தாளை அச்சிட்டுச் சேர்வர் அலுமாரியின் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். சேர்வருக்குள் கோப்பாக வைத்தால், அது தேவைப்படும் நேரத்தில் திறக்க முடியாது.